கடலூர் பக்கம் 1800கள்ல சிப்பாயா போனவங்க எப்படி வாழ்ந்தாங்க, திரும்பி வந்து என்ன தொழில் பண்ணாங்க?

பட்டாளம்னாலே சண்டைதான்னு நெனைக்கிறோம், ஆனா கிழக்கிந்தியக் கம்பெனியோட மெட்ராஸ் ஆர்மி சிப்பாய்க்கு மாசம் 7 ரூபாதான் சம்பளம், பெரும்பாலும் பொண்டாட்டி புள்ளைங்களையும் கூடவே கூட்டிட்டு ஊர் ஊரா நடப்பாங்க, அதுலயேதான் மொத்த குடும்பமும் சாப்பிடணும். 1824ல பர்மா சண்டைக்குக் கப்பலேறுனதும் இவங்கதான். அதுக்கு முன்னாடி 1806ல வேலூர்ல சிப்பாய்க் கலகம் வெடிச்சதுக்கு தோல் வச்ச புதுத் தலைப்பாகையும், நாமம் விபூதி வைக்காத, கடுக்கன் கழட்டுன்னு வந்த உத்தரவும் முக்கியமான காரணம். சாதாரண மனுசனுக்கு அது எவ்ளோ பெரிய அவமானம், யோசிங்க!

தொழில்னு பாத்தா, இந்தப் பக்கம் நெசவும் சாயமும்தான் பெருசு. அவுரி இலைய தண்ணியில ஊறவச்சு எடுக்குற சாயம் அது. தொட்டியில முக்கி எடுக்கும்போது துணி பச்சையாதான் இருக்கும், காத்து பட பட கண்ணு முன்னாடியே நீலமா மாறும், திரும்பத் திரும்ப முக்குனாதான் கருநீலம் வரும், சாயக்காரங்க கை முழங்கை வரைக்கும் நீலமாவே இருக்கும். பாண்டிச்சேரியில இருந்து அந்த நீலத்துணி ஆப்பிரிக்காவுல செனகல் வரைக்கும் போச்சு, அங்க கோந்து வாங்க அதையே காசு மாதிரி குடுத்தாங்க.