ஆச்சி பாஸ்புக்குல அத்தை சுத்துன பீடியும் இருக்கு

கேள்வி: எங்க ஆச்சி போன ஐப்பசியில தவறிட்டாங்க. ஆலங்குளம் பக்கம் கிராமம். 40 வருஷத்துக்கு மேல பீடி சுத்துனாங்க, அதுல தான் அப்பா டிப்ளமோ முடிச்சாங்க, நான் இப்ப சென்னையில ஐடி வேலைல இருக்கேன். முதல் வருஷத் தெவசத்துக்கு ஒரு நினைவு மலர் போட்டு சொந்தக்காரங்களுக்கு எல்லாம் குடுக்கணும்னு ஆசை. எழுத உக்காந்தா "பாசமானவங்க, உழைப்பாளி" இதைத் தாண்டி ஒரு வரி வர மாட்டேங்குது. ஆச்சியைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியலையேன்னு அழுகையா வருது. போட்டோவும் ரெண்டு தான் இருக்கு. மீதி போட்டோ, பீடித் தொழிலாளி கார்டு, பாஸ்புக் எல்லாம் அத்தை கிட்ட இருக்கு. அப்பாவோட அக்கா, 5-ஆவதோட நின்னவங்க, அதே தெருவுல தான் கட்டிக் குடுத்தாங்க, ஆச்சி படுக்கையில கிடந்த ரெண்டு வருஷமும் அவங்க தான் பாத்துக்கிட்டாங்க. பதினாறு முடிஞ்ச கையோட, ஆச்சி பிஎஃப் பணத்துல கட்டுன வீட்டுக்காக அப்பாவும் சித்தப்பாவும் ஒரு கையெழுத்து வாங்குனாங்க, அதுல இருந்து அத்தை எங்க கூட பேசுறதில்ல, அதை விடுங்க. மலரை எங்க ஆரம்பிக்கிறது, எப்படி எழுதுறதுன்னு சொல்லுங்க.

பதில்: விட முடியாது தம்பி. "அதை விடுங்க"ன்னு சொல்லிட்டுத் தாண்டிப் போன பாரு, அந்த விஷயத்தைப் பத்தி மட்டும் தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

இப்படி கடிதம் எனக்கு நிறைய வருது. தாத்தா போயிட்டாரு, ஆச்சி போயிட்டாங்க, இருக்கும்போது உக்காந்து பேசல, இப்ப புக்கு போடணும், வீடியோ எடுக்கணும், வழி சொல்லுங்கன்னு. நீ நல்ல பேரன்டா, மனசுல தோணுறதை எழுது, ஆச்சி மேல இருந்து பாத்து சந்தோஷப்படுவாங்கன்னு நான் சொல்லுவேன்னு எதிர்பார்த்திருப்ப. சொல்ல மாட்டேன். அதைக் கேட்டா உனக்கு ஒரு ராத்திரி தூக்கம் வரும், அதைத் தவிர ஒரு பிரயோஜனமும் இல்ல. உனக்கு வரி வராததுக்கு எழுத்துத் திறமை காரணம் இல்ல. ஆச்சியை முழுசாத் தெரிஞ்ச ஒரே மனுஷி உங்க வாசப்படி மிதிக்காம இருக்காங்க, ஏன்னு நீ ஒரு வருஷமா போய்க் கேக்கல. அது தான் காரணம்.

எந்தக் கையெழுத்து அது? கூரியர்காரனுக்குப் போடுற மாதிரி "ஒரு கையெழுத்து"ன்னு எழுதிருக்க. ஆச்சி பேர்ல இருந்த வீடு, பதினாறு முடிஞ்ச கையோட வாங்குனது, அப்ப அது விடுதலைப் பத்திரம் தானே, எனக்குப் பங்கு வேண்டாம்னு அத்தை எழுதிக் குடுத்தது. பங்கு இல்லாத ஆள் கிட்ட யாரும் கையெழுத்து வாங்குறதில்ல தம்பி. வாங்குனாங்கன்னா அத்தைக்குப் பங்கு இருக்குன்னு உங்க அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நல்லாவே தெரியும்.

சட்டத்தையும் சொல்லிடுறேன், ஏன்னா இதுல பல பேரு குழப்பிக்கிறாங்க. பொண்ணுங்களுக்குப் பூர்வீக சொத்துல பங்குங்கிறது தான் தமிழ்நாட்டுல 1989, நாடு முழுக்க 2005-னு பின்னாடி வந்தது. அம்மா பேர்ல இருக்குற சொத்து அப்படி இல்ல. 1956 இந்து வாரிசுச் சட்டத்துலயே பொம்பளை பேர்ல இருக்குற சொத்து முழுக்க அவளுக்கே சொந்தம், உயில் எழுதாம அவ போயிட்டா புருஷன், பையன், பொண்ணு எல்லாருக்கும் சரிசமம்னு இருக்கு. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சா இல்லையாங்கிற பேச்சே அதுல இல்ல. அம்மாவைத் தூக்கிக் குடுத்து மாசம் கூட முடியாத ஒரு பொண்ணு, 5-ஆவது படிச்சவங்க, அவங்க முன்னாடி பத்திரத்தை நீட்டிருக்காங்க. யாராவது அதை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டினாங்களா? நீ அப்ப அந்த வீட்ல தானே இருந்திருப்ப?

சரி, பாஸ்புக்குக்கு வருவோம். பீடி சுத்துற ஊர்ல வளந்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, கார்டு ஒருத்தர் பேர்ல இருக்கும், சுத்துறது வீட்ல இருக்குற பொம்பளைங்க எல்லாரும். அம்மா பேர்ல பீடிக் கம்பெனி கடையில இலையும் புகையிலைத் தூளும் வாங்கிட்டு வருவாங்க, மக சுத்துவா, மருமக சுத்துவா, ஸ்கூல் விட்டு வந்த சின்னது நூல் கட்டும். முந்தின நாளே இலையை நனைச்சு ஈரத்துணியில பொதிஞ்சு வச்சு, தகட்டை வச்சு ஒவ்வொண்ணா கத்தரியால வெட்டி, மடியில தட்டை வச்சுக்கிட்டு உக்காந்தா, ஒரு இலைக்கு ஒரு சிட்டிகை தூள், உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுத்தி ஒரு இழுப்பு. 25 பீடி ஒரு கட்டு, ஆயிரத்துக்கு 40 கட்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு தான், நிமிராம உக்காந்தாத் தான் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அந்த ஆயிரம் ஓடும். இலை கிழிசலா வந்து பத்தலைன்னா சொந்தக் காசு போட்டு இலை வாங்கி கணக்கைச் சரி பண்ணணும். கடையில கொண்டு போய்க் குடுத்தா கட்டைப் பிரிச்சுப் பாத்து இது லூசு, இது நீளம் பத்தலைன்னு கழிச்சுத் தள்ளுவாங்க, கழிச்சதுக்குக் கூலி கிடையாது.

இப்ப நீயே கணக்குப் போடு. 5-ஆவதோட நின்னாங்கன்னா அத்தை 10 வயசுல தட்டு முன்னாடி உக்காந்துட்டாங்க. உங்க அப்பா டிப்ளமோ முடிக்கிறப்ப அத்தைக்குக் கிட்டத்தட்ட 10 வருஷ சர்வீஸ் ஆகிருக்கும், கார்டு இல்லாத சர்வீஸ். வீட்ல உக்காந்து பீடி சுத்துறவங்களும் தொழிலாளி தான், அவங்களுக்கும் பிஎஃப் உண்டுன்னு 1985-ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு, அந்தப் புண்ணியத்துல தான் உங்க ஆச்சி மாதிரி எத்தனையோ பேருக்குக் கடைசி காலத்துல கையில மொத்தமா ஒரு பணம் வந்துச்சு. ஆனா பிஎஃப் பிடிக்கிறது கார்டுல பேர் இருக்குறவங்களுக்கு மட்டும் தான். பக்கத்துல உக்காந்து பாதித் தட்டைச் சுத்துன பொண்ணைக் கோர்ட்டும் பாக்கல, கடைக்காரரும் பாக்கல. கூடப் பொறந்தவங்க பாத்திருக்கணும்ல? ஆச்சி பாஸ்புக்குல ஏறுன காசுல அத்தை சுத்துன பீடியும் இருக்கு தம்பி, அந்தக் காசுல கட்டுன வீட்டுக்குத் தான் அத்தை கிட்டயே பங்கு வேண்டாம்னு எழுதி வாங்கிருக்கீங்க.

அத்தைக்கு அப்பவே நகை போட்டு சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சேன்னு உங்க அப்பா சொல்லுவாரு. எல்லா வீட்லயும் சொல்ற பதில் தான் அது. உங்க பக்கத்துப் பொண்ணுங்க தங்கள் கல்யாண நகைக்குத் தாங்களே சுத்துறவங்க, கம்மலுக்கு இத்தனை மாசம், செயினுக்கு இத்தனை மாசம்னு. அந்த நகையை அண்ணன் தம்பி போட்டதா கணக்குல எழுதுறது அநியாயம். அதுக்கும் மேல, ரெண்டு வருஷம் படுக்கையில கிடந்த அம்மாவுக்குத் துணி மாத்தி, புரட்டிப் போட்டு, முதுகுல புண்ணு வராம பாத்துக்கிட்டது யாரு? இதுல நான் ரொம்பப் பழைய ஆளு, ஒளிக்காமச் சொல்றேன், பெத்தவளைக் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டவங்களுக்கு சட்டத்துல இருக்குற பங்குக்கு மேலயே குடுக்கணும், அது தான் முறை. இருக்குற பங்கையும் எழுதி வாங்குறது எந்த ஊர் முறைன்னு எனக்குத் தெரியல.

உங்க அப்பா கெட்டவருன்னு நான் சொல்லல. நாளைக்கு அத்தை பிள்ளைங்க வந்து நிப்பாங்களோன்னு யாரோ பயமுறுத்திருப்பாங்க, இப்பவே வாங்கி வச்சிடுங்கன்னு ஒருத்தர் யோசனை சொல்லிருப்பாரு, இப்படித் தான் நல்ல மனுஷங்களும் அந்தப் பத்திரத்துக்கு முன்னாடி போய் உக்காந்துடுறாங்க. ஆனா நீ படிச்ச பையன், 30 வயசுக்குக் கிட்ட வந்திருப்ப, ஒரு வருஷமா இதைப் பாத்துக்கிட்டு சும்மா இருந்துட்டு மலருக்கு அட்டை டிசைன் யோசிச்சிட்டு இருக்க பாரு, அதுக்குத் தான் கோவம் வருது.

என்ன செய்யணும்னா, முதல்ல அப்பா கிட்ட பேசு. சொந்தக்காரங்க முன்னாடி வேண்டாம், ஃபோன்லயும் வேண்டாம், நேர்ல, அவரு தனியா இருக்கும்போது. அத்தை பங்கைத் திருப்பி எழுதிக் குடுக்க வழி இருக்கு, பத்திரம் எழுதுறவர் கிட்டயோ ஒரு வக்கீல் கிட்டயோ கேட்டா சொல்லுவாங்க, குடும்பத்துக்குள்ள தான செட்டில்மெண்ட் எழுதிக்க வெளியாளுக்கு விக்கிற அளவு செலவு ஆகாது. வீட்டைப் பிரிக்க முடியாதுன்னா பங்குக்கு உண்டான பணத்தைக் குடுங்க, நீ சம்பாதிக்கிற தானே, உன் பணமும் அதுல இருக்கட்டும். சித்தப்பா ஒத்துக்கலைன்னா உங்க அப்பா பங்குல இருந்தாவது ஆரம்பிங்க. ஒருத்தர் அசைஞ்சா இன்னொருத்தர் ரொம்ப நாள் முறைச்சுக்கிட்டு இருக்க முடியாது, இதை நான் பல குடும்பத்துல பாத்துட்டேன்.

அப்பா மசியிற வரைக்கும் அத்தையைப் பாக்காம இருக்கணும்னு இல்ல. பொதிகை ரயில்ல டிக்கெட் போட்டுத் தென்காசில இறங்கிப் பஸ் பிடிச்சுப் போ. மலர் பேச்சையே எடுக்காத. ஆல்பத்தைக் குடுங்கன்னு கேக்கவே கேக்காத, அவங்க கிட்ட மிச்சம் இருக்குறதே அது ஒண்ணு தான், அதையும் வாங்க வந்துட்டான்னு தான் நினைப்பாங்க. மொபைலைத் தூக்கி நடுவுல ரெக்கார்டிங் போட்டு வைக்காத. நடந்தது தப்பு அத்தை, நான் அன்னைக்கே கேட்டிருக்கணும், அப்பா கிட்ட பேசிட்டு இருக்கேன்னு சொல்லு. திட்டுவாங்க, நல்லாத் திட்டட்டும், அழுவாங்க, கூட உக்காந்திரு. அன்னைக்கு ஒரு கதையும் கிடைக்காமத் திரும்பி வந்தா பரவால்ல, அடுத்த மாசமும் போ.

அவங்க பேச ஆரம்பிச்ச பிறகு கேக்க வேண்டியது நிறைய இருக்கு. ஆச்சி முதல்ல எந்தக் கடைக்குச் சுத்துனாங்க, ஏன் கடை மாத்துனாங்க, கழிச்சுத் தள்ளுன அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொல்லுவாங்க. சுத்தும்போது ரேடியோ ஓடுச்சா, திருநெல்வேலி ஸ்டேஷனா, இலங்கை வானொலியா, எந்தப் பாட்டுக்கு ஆச்சி கூடப் பாடுவாங்க. தூள் வாசனை கையை விட்டுப் போக எதைப் போட்டுக் கழுவுனாங்க, அந்தக் கையால சோறு ஊட்டும்போது பிள்ளைங்க முகம் சுளிச்சாங்களா. இருமல் எந்த வயசுல ஆரம்பிச்சுது, முக்கூடல்ல பீடித் தொழிலாளிங்களுக்குன்னே இருக்குற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு. குழுவுல லோன் எடுத்தது எதுக்கு. "உழைப்பாளி"ன்னு நீ எழுதி வச்சிருக்கியே, அது எப்படி இருந்துச்சுன்னு இதுல தான் இருக்கு.

இன்னொண்ணையும் கேக்கணும், இது கஷ்டம். அத்தையை 5-ஆவதோட நிப்பாட்டுனது யாரு? அநேகமா ஆச்சியே தான். நீ கும்புடுற அந்த ஆச்சி, ரெண்டு பிள்ளைங்க கையில நோட்டையும் ஒரு பிள்ளை மடியில தட்டையும் வச்சிருக்காங்க. வேற வழி இல்லாம செஞ்சிருக்கலாம், மனசு கேக்காமத் தான் செஞ்சிருப்பாங்க, பிற்காலத்துல அத்தை கிட்ட அதைப் பத்தி ஏதாவது சொன்னாங்களான்னு அத்தைக்கு மட்டும் தான் தெரியும். ஆச்சி நல்லவங்கன்னு காட்டுறதுக்காக அதை மறைச்சிட்டு எழுதாத. அத்தை சம்மதிச்சா அதையும் மலர்ல போடு, சம்மதிக்கலைன்னா உன் மனசுல வச்சுக்க, ஆனா தெரிஞ்சுக்க. அந்தத் தட்டு மடிக்கு வந்ததுனால தான் உங்க அப்பா டிப்ளமோ, உங்க அப்பா டிப்ளமோவுனால தான் நீ இன்னைக்கு ஏசி ஆபீஸ்.

ஐப்பசிக்குள்ள இதெல்லாம் முடியுமான்னு கேப்ப. முடியலைன்னா இந்த வருஷம் மலர் வேண்டாம், தெவசத்தை மட்டும் முறையாச் செய்ங்க, ரெண்டாம் வருஷத்துக்குப் போட்டுக்கலாம். ஆனா தெவசத்துக்கு அத்தையைக் கூப்பிட ஆள் அனுப்பக் கூடாது, ஃபோன்லயும் சொல்லக் கூடாது. உங்க அப்பா தன் அக்கா வீட்டுக்கு நடந்து போய்க் கூப்பிடணும், அதே தெரு தானே. நீயும் கூடப் போ.