பல ஆப்ஜெக்டுகள், ஒரே டிடிஓ: கேள்வி பதில்

கேள்வி: ஆர்டர், வாடிக்கையாளர், முகவரி மூன்றையும் ஒரே டிடிஓவில் (DTO, தரவை எடுத்துச் செல்ல மட்டுமே உள்ள ஆப்ஜெக்ட்) அனுப்ப வேண்டும். ஆப்ஜெக்டுகளுக்கிடையே தரவை நகலெடுக்கும் ஜாவா நூலகமான மேப்ஸ்ட்ரக்ட் இதைச் செய்யுமா?

பதில்: செய்யும். மேப்பர் இன்டர்ஃபேஸில் ஒரு மெத்தட், அதற்கு மூன்று பாராமீட்டர்கள், அவ்வளவுதான். கம்பைல் ஆகும்போதே சாதாரண ஜாவா கோடு உருவாகிவிடும். அந்தக் கோப்பை ஒருமுறையாவது திறந்து படியுங்கள்.

தகராறு ஒரே பெயருள்ள ஃபீல்டுகளில்தான். ஆர்டரிலும் ‘நிலை’, வாடிக்கையாளரிலும் ‘நிலை’ என்றால் எதை எடுப்பது என்று தெரியாமல் கம்பைல் நின்றுவிடும். மெத்தடின் மேல் இடும் மேப்பிங் அனோட்டேஷனில் (@Mapping குறிப்பில்) ஆர்டரின் நிலைதான் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். அந்தப் பிழையைத் திட்டாதீர்கள். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், ரிஃப்ளெக்ஷனில் (நிரல் ஓடும்போதே ஃபீல்டுகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறையில்) இயங்கும் வேறொரு மேப்பரை ஒரே டிடிஓ மீது இருமுறை ஓடவிட்டிருந்தோம்: முதலில் ஆர்டர், பிறகு வாடிக்கையாளர். பின்னால் வந்தது முன்னால் வந்ததன் மேல் எழுதிவிட்டது. ரத்தான ஆர்டர்கள் திரையில் ‘செயலில் உள்ளது’ என்று நின்றன. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கிடங்கில் பெட்டி கட்டி லேபிளும் ஒட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கேள்வி: மூன்றில் ஒன்று ‘நல்’ (null, மதிப்பே இல்லாதது) என்று வந்தால்?

பதில்: மூன்றுமே நல் என்றால்தான் முடிவும் நல். ஒன்று மட்டும் என்றால் அதன் ஃபீல்டுகள் காலியாக இருக்கும், மற்றவை நிரம்பும். டிடிஓவில் தொகையை இன்ட் (int, நல் ஏற்காத முழு எண் வகை) என்று வைத்திருந்தால் காலி என்பது 0 ஆகிவிடும். இலவசமா, தகவலே இல்லையா என்று பார்ப்பவருக்குப் புரியாது.

கேள்வி: மூன்றிலும் ஐடி இருக்கிறது. பிழை வருகிறது.

பதில்: முதல் பதில்.

கேள்வி: இதற்கெல்லாம் ஒரு நூலகமா? கன்ஸ்ட்ரக்டரைக் கையால் எழுதினால் போதாதா?

பதில்: ஆறு ஃபீல்டு என்றால் நானும் கையால்தான் எழுதுவேன். நாற்பது ஃபீல்டும் செட்டர்களும் இருந்தால், புதிதாகச் சேர்த்த ஒன்று விடுபட்டது யார் கண்ணிலும் படாது. மேப்ஸ்ட்ரக்டில் அதற்கு வெறும் எச்சரிக்கைதான் இயல்பு. அமைப்பில் அதைப் பிழையாக மாற்றிவிடுங்கள்.

மீண்டும் அவரே: ரெக்கார்டு (எல்லா ஃபீல்டையும் கன்ஸ்ட்ரக்டரிலேயே கேட்கும் ஜாவா வகை) பயன்படுத்தினால் ஃபீல்டு கூடியதும் கம்பைலரே நிறுத்திவிடுமே!

பதில்: ஒப்புக்கொள்கிறேன், நல்ல வாதம். ஆனால் பெயர், தெரு, ஊர், மாநிலம் என்று நான்கு ஸ்ட்ரிங்குகள் வரிசையாக நிற்கும்போது தெருவையும் ஊரையும் இடம் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். கம்பைலர் வாயே திறக்காது.

மீண்டும் அவரே: ஊருக்குத் தனி வகை வைத்தால்?

பதில்: வைத்தால் நீங்கள் வென்றீர்கள். எத்தனை குழுக்கள் அப்படி வைக்கின்றன என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: 200 ஆர்டர்களை மேப் செய்தால் 201 எஸ்க்யூஎல் ஓடுகிறது. மேப்பரை மாற்றலாமா?

பதில்: மேப்பர் பாவம். வாடிக்கையாளரை லேசியாக (தொடும்போது மட்டும் டேட்டாபேஸிலிருந்து எடுக்கும்படி) வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு ஆர்டரின் வாடிக்கையாளரையும் மேப்பர் முதன்முறை தொடும்போது டேட்டாபேஸுக்கு ஒரு நடை. வினவலிலேயே ஜாயின் ஃபெட்ச் செய்து, ஆர்டரோடு வாடிக்கையாளரையும் சேர்த்தே எடுங்கள்.

கேள்வி: ஐடி மூன்று இடத்தில் உள்ளது, எதை…

பதில்: முதல் பதில். தயவுசெய்து.

கேள்வி: டாட்நெட்டில் ஆட்டோமேப்பருக்கு எப்படி?

பதில்: என் துறை அன்று. அங்கும் ஒரே டிடிஓ மீது இருமுறை ஓட்டினால், மேலே சொன்ன கிடங்குக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கெட்டர், செட்டர்களைத் தானே எழுதித் தரும் லாம்பாக் நூலகத்தைச் சேர்த்ததும் எந்த ஃபீல்டும் மேப் ஆவதில்லை.

பதில்: லாம்பாக் 1.18.16 முதல் ‘லாம்பாக் மேப்ஸ்ட்ரக்ட் பைண்டிங்’ என்ற சிறு இணைப்பையும் அனோட்டேஷன் பிராசசர் (கம்பைல் ஆகும்போது கோடு உருவாக்கும் கருவிகள்) பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டு, பழைய பில்டை அழித்து மீண்டும் ஓட்டுங்கள்.