எஃப்யூடியா, எஃப்யூஈயா, டிஎச்ஐயா? தலையில் நாற்று நடப் போகிறவர்களுக்கு

கேள்வி: வயது 29. நெற்றி இருபுறமும் ஏறிவிட்டது, உச்சியிலும் லேசாகச் சொட்டை தெரிகிறது. முடி நட்டுக்கொள்ள (ஹேர் டிரான்ஸ்பிளான்ட்) மூன்று கிளினிக்குகளில் விசாரித்தேன். ஒருவர் எஃப்யூஈ, கிராஃப்டுக்கு (வேரோடு எடுத்து நடும் சிறு முடிக்கொத்து) 40 ரூபாய், 2,500 கிராஃப்ட் போதும் என்றார். அடுத்தவர் "எஃப்யூஈ எல்லாம் பழசு, டிஎச்ஐ செய்யுங்கள்" என்று 70 ரூபாய் கேட்கிறார். மூன்றாமவர் தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் எஃப்யூடிதான் நல்லது என்கிறார். யாரை நம்புவது? கல்யாணத்துக்கு ஐந்து மாதம் இருக்கிறது.
– வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கல்யாணத்துக்காகத்தான் என்றால் இப்போது செய்யாதீர்கள். நட்ட முடியில் பெரும்பகுதி சில வாரங்களிலேயே உதிர்ந்துவிடும். வேர் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் முளைக்கத் தொடங்கும். முழுத் தோற்றம் வர ஓராண்டு ஆகும், உச்சியில் அதற்கும் மேல். ஐந்தாம் மாதம் என்பது அரைகுறைப் பயிராக நிற்கும் சமயம். கல்யாண ஆல்பம் காலத்துக்கும் இருக்கும்.

இனி முறைகளுக்கு வருவோம். நாற்று நடுவதை நினைத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். இதில் வேலை இரண்டு: நாற்றங்காலிலிருந்து பிடுங்குவது, வயலில் நடுவது. எஃப்யூடி, எஃப்யூஈ இரண்டும் பிடுங்கும் முறையின் பெயர்கள். டிஎச்ஐ என்பது நடும் முறையின் பெயர். டிஎச்ஐயிலும் பின்தலையிலிருந்து வேர்களை எடுப்பது எஃப்யூஈ முறையில்தான். ஆக, "எஃப்யூஈ பழசு, டிஎச்ஐ புதுசு" என்றவர் உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துப் பேசியிருக்கிறார். பேனா போன்ற கருவியில் கிராஃப்டைச் செருகி, துளையிடுவதையும் நடுவதையும் ஒரே அழுத்தில் முடிக்கிறார்கள், அவ்வளவுதான் டிஎச்ஐ. இருக்கிற முடிக்கு இடையே நெருக்கி நடவும், முன்பக்கத்தை மழிக்காமல் செய்யவும் அது வசதி. நேரமும் ஆள்பலமும் கூடுதலாகப் பிடிப்பதால் விலையும் கூடுகிறது. ஆனால் பேனாவால் நட்டதாலேயே முடி அதிகம் முளைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உங்கள் கணக்கில் வித்தியாசம் 75,000 ரூபாய். 'சஃபையர்' என்று இன்னொரு பெயரும் காதில் விழும். அது நடும் இடத்தில் கீறல் போடும் கத்தியின் முனை நீலக்கல்லால் ஆனது என்பதைத்தான் சொல்கிறது. பிடுங்கும் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எஃப்யூடியில் பின்தலையிலிருந்து ஒரு பட்டைத் தோலை வெட்டி எடுத்து, தையல் போட்டுவிட்டு, அந்தப் பட்டையை நுண்ணோக்கியில் வைத்துக் கிராஃப்ட்களாகப் பிரிப்பார்கள். காதிலிருந்து காதுவரை கோடாக ஒரு தழும்பு நிற்கும். எஃப்யூஈயில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான, அல்லது அதையொட்டிய குழல் முனையால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பார்கள். "தழும்பே இருக்காது" என்பது விளம்பரப் பேச்சு. கோட்டுக்குப் பதில் நூற்றுக்கணக்கில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், முடியை ஒட்ட வெட்டினால் தெரியும். இருந்தாலும் குட்டையாக முடிவெட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளவருக்கு எஃப்யூஈதான் பொருத்தம். முடியை எப்போதும் ஓரளவு நீளமாக வைப்பவர், நிறைய கிராஃப்ட் தேவைப்படுபவர் என்றால் எஃப்யூடி மோசமான யோசனை இல்லை. எஃப்யூஈயில் கண்ணுக்குத் தெரியாத வேரைத் தோலுக்கு மேலிருந்தபடி குறிவைக்க வேண்டும். கை பழகாதவர் குழலை இறக்கினால் வேர் நடுவில் அறுந்துவிடும். அறுந்த வேரில் நல்ல முடியை எதிர்பார்க்க முடியாது. எடுத்த இடத்திலும் நஷ்டம், நட்ட இடத்திலும் நஷ்டம்.

உண்மையான சிக்கல் உங்கள் வயது. 1950-களில் நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற மருத்துவர் காட்டியது இதுதான்: பின்தலை முடியை எங்கே நட்டாலும் அது பின்தலைக் குணத்தோடேயே இருக்கும், உதிராது. பிறந்த வீட்டுக் குணம் போகாது என்பது போல. ஆனால் அதன் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற உங்கள் சொந்த முடி உதிர்ந்துகொண்டே போகும். 29-ல் முன்வரிசையை அடர்த்தியாக நட்டுவிட்டு, 38-ல் அதற்குப் பின்னால் வழுக்கை ஏறினால் முன்னால் ஒரு வேலி மட்டும் நிற்கும். அதை நிரப்பப் பின்தலையில் சரக்கு வேண்டும். அது இறைக்க இறைக்க ஊறும் கிணறு இல்லை. பலருக்கும் ஆயுள் முழுக்க எடுக்கக்கூடியது சுமார் 5,000, 6,000 கிராஃப்ட்தான், சிலருக்கு அதுவும் இல்லை. அதனால் முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் போய், மருந்தால் உதிர்வை நிறுத்த முடியுமா என்று ஓராண்டு பாருங்கள். மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு இரண்டும்தான் வழக்கம். ஃபினாஸ்டரைடில் பாலுறவு சார்ந்த பக்கவிளைவு சிலருக்கு உண்டு, மருத்துவரிடம் பேசாமல் வாங்கி விழுங்க வேண்டாம்.

அதன் பிறகும் நட வேண்டும் என்று தோன்றினால், எந்த முறை என்று கேட்பதற்கு முன் யார் கை என்று கேளுங்கள். குழலை இறக்குவது யார், கீறல் போடுவது யார், மருத்துவர் எத்தனை மணி நேரம் அறையில் இருப்பார்? "எங்கள் டீம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இதை முறையாகப் பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவரே செய்ய வேண்டும், பயிலரங்கில் பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் பயிற்சி ஆகாது என்று சொல்லியிருக்கிறது. யூடியூப் என்று பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே முடி நடப் போய் உயிரிழந்தார். மயக்க மருந்தைக் கவனிக்கவும் அவசரத்தைச் சமாளிக்கவும் ஆளும் கருவியும் இருக்கிறதா என்பது அதிகப்பிரசங்கித்தனமான கேள்வி ஆகாது.

கேள்வி: "ஒரே நாளில் 5,000" என்ற விளம்பரத்தைப் பார்த்து 20,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். போய்க் கேட்டால் 5,000 என்பது முடியின் எண்ணிக்கையாம், கிராஃப்ட் இல்லையாம். பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள். பில்லும் தரவில்லை.
– வாசகி, தாம்பரம் (தம்பிக்காக)

பதில்: பழைய தந்திரம்தான். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும், சராசரி இரண்டு என்று வையுங்கள். 5,000 முடி என்றால் சுமார் 2,500 கிராஃப்ட். இதற்கு நேர் எதிரான தந்திரமும் உண்டு: கிராஃப்டுக்கு இவ்வளவு என்று விலை பேசிவிட்டு, மூன்று முடி உள்ள கிராஃப்டை மூன்றாகப் பிரித்து எண்ணிக்கையைக் கூட்டுவது. அடுத்த இடத்துக்குப் போனால், ஒற்றை, இரட்டை, மூன்று என்று பிரித்த எண்ணிக்கையை எழுத்தில் தருவீர்களா, சொன்ன விலையில் ஜிஎஸ்டி சேர்த்தியா என்று கேளுங்கள். அழகுக்காகச் செய்துகொள்ளும் முடி நடுதலுக்கு மருத்துவச் சேவைக்கான வரிவிலக்கு இல்லை.

உங்கள் பணத்துக்கு வருகிறேன். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. தவறான விளம்பரமும் பில் தர மறுப்பதும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. விளம்பரத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை அழித்துவிடுவார்கள். பணம் போன யூபிஐ பதிவு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். பல இடங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை.

கேள்வி: எனக்கு 34 வயது. வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது. ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்துகொள்ளலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அவசரப்படாதீர்கள், சகோதரி. பெண்களுக்குப் பல நேரம் பின்தலை முடியும் சேர்ந்தே மெலியும், அங்கிருந்து எடுத்து நட்டால் அதுவும் நிலைக்காது. ரத்தசோகை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு), தைராய்டு ஆகியவற்றை முதலில் பாருங்கள். பிரசவம், கடும் காய்ச்சலுக்குப் பிறகு கொட்டும் முடி பெரும்பாலும் சில மாதங்களில் தானே திரும்பும். இந்தச் சோதனைகள் எதையும் கேட்காமல் முதல் சந்திப்பிலேயே கிராஃப்ட் எண்ணிக்கை சொல்லும் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.