பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையைத் தள்ளுகிற பெஞ்ச் பிரஸ் 60 கிலோவைத் தாண்டவே மாட்டேன் என்கிறது, தோளும் வலிக்கிறது. என்ன செய்யலாம்?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: ஜிம் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. 60 கிலோவில் ஐந்து ரெப்ஸ் (ஒரு தடவை இறக்கி ஏற்றுவது ஒரு ரெப்) வருகிறது, அதற்கு மேல் பிளேட் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. மூன்று மாதமாக இதே கதை. இடது தோளின் முன்பக்கம் வலி. மாஸ்டரைக் கேட்டால் தம் கட்டித் தள்ளச் சொல்கிறார்.

நானும் இதே எடையில் ஒரு வருஷம் நின்றவன் தம்பி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எடை ஏறாததும் தோள் வலியும் இரண்டு தனித்தனிப் பிரச்சினை மாதிரித் தெரியும். என் விஷயத்தில் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், நான் பெஞ்சில் படுத்த விதம்.

பெரும்பாலானவர்கள் படுத்ததும் கையை நீட்டி, பிளேட் மாட்டியிருக்கிற நீள ராடைப் பிடித்து உடனே தூக்கிவிடுகிறார்கள். அந்த நொடியில் தோள் இரண்டும் முன்னால் வந்து காதை நோக்கி ஏறியிருக்கும், முதுகு தளர்வாகக் கிடக்கும். அப்புறம் நெஞ்சு வேலை செய்வதற்கு முன்பே தோளின் முன்பக்கத் தசையும் தசைநாணும் சுமையை வாங்கிக்கொள்கின்றன. அங்கேதான் உங்களுக்கு வலிக்கிறது. இப்படிச் செய்து பாருங்கள்: கண் ராடுக்கு நேர் கீழே வரும்படி படுங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் ஒன்றை ஒன்று தொடப் பார்ப்பது போலப் பின்னால் இழுத்து, அப்படியே இடுப்புப் பக்கமாகக் கீழே இறக்குங்கள். கிணற்றில் வாளிக் கயிற்றை இழுக்கும்போது முதுகு ஒரு மாதிரி இறுகுமே, அதே இறுக்கம். நெஞ்சு தானாக மேலே எழும்பும், கீழ் முதுகில் ஒரு சின்ன வளைவு வரும், அது தப்பில்லை. பாதம் முழுசாகத் தரையில் அழுந்தட்டும், பிட்டம் பெஞ்சை விட்டு எழும்பக் கூடாது. ராடை எடுத்ததிலிருந்து திரும்ப வைக்கிற வரைக்கும் அந்த முதுகு இறுக்கம் போகவே கூடாது. கடைசி இரண்டு ரெப்பில்தான் எல்லோருக்கும் அது அவிழும், வலி தொடங்குவதும் அங்கேதான்.

அடுத்தது முழங்கை. கையைச் சிலுவை போல விரித்துத் தண்டால் எடுத்தால் தோள் எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று உங்களுக்கே தெரியும். பெஞ்சிலும் அதே தோள்தான். மேலிருந்து பார்த்தால் மேல்கைக்கும் உடம்புக்கும் நடுவில் 45லிருந்து 70 டிகிரிக்குள் இருந்தால் போதும். ராடு கழுத்தெலும்புப் பக்கம் இறங்காமல் முலைக்காம்பு மட்டத்திலோ, அதற்குச் சற்றுக் கீழேயோ தொட வேண்டும். ராடு செங்குத்தாக ஏறி இறங்க வேண்டும் என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார்கள், அது சரியில்லை. நெஞ்சின் கீழ்ப்பகுதியிலிருந்து ஏறும்போது முகம் இருக்கும் பக்கம் கொஞ்சம் சாய்ந்து போய் தோளுக்கு நேர் மேலே முடிய வேண்டும். இதை மாற்றிய முதல் வாரமே எடை லேசானது போலத் தெரிந்தது எனக்கு.

பிடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராடு நெஞ்சில் இருக்கும்போது முன்கை நேராக நிற்கிற அகலம் போதும். ராடை விரல்களில் தொங்க விடாமல் உள்ளங்கையின் அடியில், முன்கை எலும்புக்கு நேர் மேலே வையுங்கள், மணிக்கட்டு பின்னால் மடங்காது. கட்டைவிரலைக் கட்டாயம் ராடைச் சுற்றிப் போடுங்கள். கட்டைவிரல் போடாமல் பிடித்தால் மணிக்கட்டுக்குச் சுகமாக இருக்கிறது என்று பலர் அப்படிச் செய்கிறார்கள், ஆனால் வேர்த்த கையில் ராடு ஒரு தடவை உருண்டால் அது விழுகிற இடம் நெஞ்சு அல்லது கழுத்து. பல பவர்லிஃப்டிங் (எடை தூக்கும்) போட்டிகளில்கூடக் கட்டைவிரல் சுற்றியிருக்க வேண்டும் என்பது விதி.

இப்போது நான் மாட்டிக்கொண்ட கதை. ஜிம் மூடுகிற நேரம், கூட யாரும் இல்லை, 70 கிலோ போட்டு பிளேட் நழுவாமல் பிடிக்கிற லாக்கை இரண்டு பக்கமும் இறுக்கியிருந்தேன். மூன்றாவது ரெப் நெஞ்சிலிருந்து நாலு விரல் உயரத்தில் நின்றது. அந்த உயரத்தில்தான் பெரும்பாலும் எல்லோருக்கும் நிற்கும். மேலேயும் போகவில்லை, கை நடுங்க ஆரம்பித்தது, மெதுவாக நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது. மூச்சை விட்டால் ராடு இன்னும் அழுந்துகிறது, கத்தலாம் என்றால் குரலே வரவில்லை. கடைசியில் ராடை வயிற்றின் மேல் உருட்டி இடுப்பு வரைக்கும் தள்ளி எழுந்து உட்கார்ந்தேன். விலா மேல் சிவப்பாக ஒரு கோடு பத்து நாள் இருந்தது. ராடு கழுத்தில் விழுந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். வீட்டில் தனியாகப் பெஞ்ச் போட்டு இப்படி உயிர் போனவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் எடை ஏற்றுவதற்கு முன் மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே வருவது என்று பழகுங்கள். உங்கள் ஜிம்மில் இரண்டு பக்கமும் கம்பி செருகுகிற ரேக் இருந்தால் அதற்குள்ளேயே பெஞ்சைப் போடுங்கள். நெஞ்சை நிமிர்த்தியிருக்கும்போது ராடு கம்பியைத் தொடக் கூடாது, நெஞ்சைத் தளர்த்தினால் ராடு கம்பியில் உட்கார வேண்டும், அந்த உயரத்தில் செருகுங்கள். வெறும் ராடிலேயே இரண்டு தடவை வேண்டுமென்றே தோற்றுப் பாருங்கள். ரேக் இல்லை, ஆளும் இல்லை என்றால் அன்று கனமான செட்டே (நிறுத்தாமல் போடுகிற ஒரு சுற்று ரெப்) வேண்டாம். தனியாகப் போட்டே ஆக வேண்டும் என்றால் லாக் போடாதீர்கள், மாட்டினால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டை நழுவ விடலாம். ஆனால் மறுபக்கம் சட்டென்று எகிறும், பக்கத்தில் ஆள் இருந்தால் அடிபடும்.

சப்போர்ட் கொடுக்கிறவரிடம் எத்தனை ரெப் போடப்போகிறேன் என்று முன்னாடியே சொல்லுங்கள், ஏறிக்கொண்டிருக்கிற ராடு பாதியில் கீழே திரும்பினால் ஒழியத் தொட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பல ஜிம்களில் முதல் ரெப்பிலிருந்தே இரண்டு கையாலும் தூக்கிவிடுகிறார்கள். உங்கள் 60 கிலோவில் அவருடையது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை உங்கள் உண்மையான எடை 55 ஆகவே இருக்கலாம், வருத்தப்பட ஒன்றுமில்லை, அதிலிருந்து தொடங்கலாம்.

எடை ஏறாததற்கு இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு. நிறைய ஜிம்களில் இருப்பதிலேயே சின்னப் பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ. 60க்கு அது நூற்றுக்கு எட்டுக்கும் மேல், ஒரே வாரத்தில் எந்த உடம்பு அவ்வளவு ஏறும்? 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான். அப்படியே ராடையும் ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள், எல்லா ராடும் 20 கிலோ இல்லை.

தோளுக்கு இரண்டு வாரம் கொடுத்துவிட்டு (அதைக் கீழே சொல்கிறேன்) ராடுக்குத் திரும்புகிற திங்கள்கிழமை 60ஐத் தொட வேண்டாம். 45 போடுங்கள். நாலு செட், ஒவ்வொன்றிலும் ஐந்து ரெப், ஒவ்வொரு ரெப்பிலும் ராடை நெஞ்சில் ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தள்ளுங்கள், துள்ள விடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி, வாரம் 2.5 கிலோ கூட்டினால் ஏழாவது வாரம் மறுபடி 60 வரும், ஆனால் இந்தத் தடவை நிறுத்தித் தள்ளுகிற 60. ஒவ்வொரு செட்டையும் இன்னும் ஒன்றிரண்டு ரெப் வரும் என்கிற இடத்திலேயே முடித்துவிடுங்கள். வாரா வாரம் எவ்வளவு முடியும் என்று சோதிப்பதை விடுங்கள், சோதிப்பது வேறு, வளர்ப்பது வேறு. கனமான செட்டுக்கு முன் வெறும் ராடில் பத்து, அப்புறம் 30, 40 என்று ஏறி வாருங்கள். தள்ளுகிற அளவுக்காவது இழுக்கவும் வேண்டும், ரோயிங்கை (எடையை உடம்பை நோக்கி இழுக்கிற பயிற்சி) விட்டுவிட்டு நெஞ்சு மட்டும் போடாதீர்கள்.

தம் கட்டுவதில் உங்கள் மாஸ்டர் சொன்னது பாதி சரி. இறக்குவதற்கு முன் வயிறு நிறைய மூச்சு இழுத்துப் பிடியுங்கள், கஷ்டமான உயரம் தாண்டியதும் விடுங்கள், ஒரே தம்மில் ஐந்து ரெப் வேண்டாம். ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தம் கட்டவே கூடாது. இறக்கும்போது வேகம் வேண்டாம், நெஞ்சுத் தசை கிழிவது பெரும்பாலும் கனமான எடையை இறக்கும்போதுதான். அக்குள் பக்கம் படக்கென்று ஏதாவது அறுந்த மாதிரி இருந்து அங்கே நீலம் பாய்ந்தால் அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் போங்கள்.

இப்போதுள்ள தோள் வலிக்கு, அந்த 45ஐத் தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் ராடை விட்டு டம்பெல்லை உள்ளங்கைகள் ஒன்றை ஒன்று பார்க்கும்படி பிடித்து, வலிக்காத எடையில் போடுங்கள். ராத்திரி படுக்கும்போதும் வலித்தால், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாவிட்டால், விரல் மரத்துப்போனால், ஜிம்மை விட்டுவிட்டுப் பிசியோவைப் பாருங்கள்.

அப்புறம் 45 கிலோ செட் ஒன்றை வீடியோ எடுங்கள். மொபைல் பெஞ்சுக்குப் பக்கவாட்டில், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், கால் முதல் தலை வரை தெரியட்டும். அதை இங்கே போட்டால் ராடு எங்கே தொடுகிறது, முதுகு எந்த ரெப்பில் அவிழ்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.