மறு: நஞ்சுக்கொடியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பேற்றுக்குப் பதிந்திருக்கும் உங்கள் தங்கச்சியிடம், நஞ்சுக்கொடியையும் தொப்புள்கொடி இரத்தத்தையும் உயிரிவங்கிக்கு (ஆராய்ச்சிக்காக உடல் மாதிரிகளைச் சேமித்து வைக்கும் இடம்) தரச் சம்மதம் கேட்டார்கள், அம்மா பயப்படுகிறா என்று எழுதியிருந்தீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளை பிறந்து, கொடி வெட்டிய பிறகுதான் இரண்டையும் எடுப்பார்கள்; அதற்காகப் பிள்ளைக்கு ஊசி குத்துவதில்லை. நஞ்சுக்கொடியை வளவுக்குள் புதைத்த காலம் போய், இப்போது அது ஆசுபத்திரிக் கழிவோடுதானே போகிறது.

ஆராய்ச்சி செய்பவர்களுக்கோ அது பெரிய சொத்து. கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம், குறைமாதப் பிறப்பு போன்றவற்றின் தடயம் பல வேளைகளில் நஞ்சுக்கொடியில்தான் கிடக்கும். சின்னத் துண்டுகளாக வெட்டி, பெயருக்குப் பதில் குறியீட்டு எண் ஒட்டி, மைனஸ் 80 பாகை செல்சியசில் உறைய வைப்பார்கள்.

கையெழுத்து வைக்க முதல் இவற்றைக் கேளுங்கள்: மரபணுச் சோதனை செய்வார்களா, மாதிரி வெளிநாட்டுக்குப் போகுமா, பிறகு மனம் மாறினால் விலகலாமா, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? அப்புறம், மாதிரிக்காகக் கொடி வெட்டுவதை அவசரப்படுத்தக் கூடாது. ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தங்கச்சி மாட்டேன் என்றாலும் கவனிப்பில் குறை வரக் கூடாது.

சேமிப்புக்குக் காசு கட்டச் சொன்னால் அது வேறு விஷயம், தனியார் கொடி இரத்த வங்கி வியாபாரம்.