மாதத்தில் பாதி நாள் தலைவலி: முதலில் குறைக்க வேண்டியது மாத்திரையை

கேள்வி: எனக்கு வயது 38. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். பத்து வருடமாக ஒற்றைத் தலைவலி. முன்பெல்லாம் மாதம் இரண்டு மூன்று முறைதான் வரும். இப்போது இரண்டு வருடமாக மாதத்தில் 16, 17 நாள் தலை வலிக்கிறது. அதில் பத்து நாளாவது இடது பொட்டு விண்விண் என்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சம் ஆகாது. சைனஸ் என்று மூன்று மாதம் மருந்து சாப்பிட்டேன், கண்ணாடி மாற்றினேன், ஸ்கேனும் எடுத்தேன். எல்லாம் நார்மல். ஃப்ளுனாரிசின் மூன்று வாரம் சாப்பிட்டுப் பார்த்து, கேட்கவில்லை என்று விட்டுவிட்டேன். புரொப்ரனலால் எழுதித் தந்தார்கள்; குளிர்காலத்தில் எனக்கு மூச்சிளைப்பு வரும் என்பதால் பயந்து தொடவில்லை. மெடிக்கலில் வாங்கும் பாரசிட்டமால்-காஃபின் மாத்திரையை ஏறக்குறைய தினமும் ஒன்று போட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். ராத்திரி மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. குடும்பக்கட்டுப்பாடு செய்தாகிவிட்டது. இதற்கு நிரந்தரத் தீர்வு உண்டா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான செய்தி போகிறபோக்கில் வந்திருக்கிறது. தினமும் ஒரு வலி மாத்திரை. மாதம் மூன்று முறை வந்த தலைவலி பாதி மாதத்தைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவே பெரும் காரணமாக இருக்கக்கூடும்.

தலைவலி மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வந்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, அவற்றில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணத்தோடு இருந்தால் அதை நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்கிறோம். உங்களுடையது அந்த வகை. இதன் மேல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் வெறும் பாரசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ எடுத்தால், மூளையின் வலிப் பாதைகள் மேலும் கூச்சமடைந்து, மருந்தே தலைவலியை வளர்க்கும். காஃபின் கலந்த கூட்டு மாத்திரை, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள எர்கோட்டமின், டிரிப்டான், கடும் வலிக்கான டிராமடால் வகைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு: மாதம் 10 நாள். நீங்கள் சாப்பிடுவது கூட்டு மாத்திரை. வரம்பைப் போல மூன்று மடங்கு போகிறது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. வலி தாங்காமல் வேலைக்குப் போக வேண்டியவர் வேறென்ன செய்வார்? மெடிக்கலிலும் இந்த எல்லையை யாரும் சொல்லித் தருவதில்லை.

சைனஸ் விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஒற்றைத் தலைவலி வரும்போது மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும், கன்னம் கனக்கும். மலையில் பனியும் சாரலும் சேர்ந்துகொள்வதால் சைனஸ் என்றே எல்லோரும் நினைக்கிறோம். கெட்டியான மஞ்சள் சளி, காய்ச்சல், மணம் தெரியாமை இவை எதுவும் இல்லாமல், குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் இருந்தால் அது சைனஸ் இல்லை.

இனி செய்ய வேண்டியது. மாதக் கடைசிக் கணக்கு முடிந்த அடுத்த நாளைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் மூன்று நான்கு நாள் விடுப்போடு. அன்று முதல் அந்தக் கூட்டு மாத்திரையை அடியோடு நிறுத்த வேண்டும். டிராமடால், கோடீன், தூக்க மாத்திரை எதுவும் சாப்பிடாதவர் என்றால் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. ஆனால் தெரிந்துகொண்டு நிறுத்துங்கள்: முதல் 2 முதல் 10 நாள் வரை தலைவலி இப்போதைவிட அதிகமாகவே இருக்கும். குமட்டல், பதற்றம், தூக்கமின்மையும் வரலாம். பலர் நான்காம் நாளில் தோற்றுப்போய் மறுபடி மாத்திரைக்குத் திரும்புவது இதனால்தான். இந்த நாட்களைத் தாண்ட, மருத்துவர் மேற்பார்வையில் நாப்ராக்சன் என்ற வலி மருந்தைக் குறுகிய காலத்துக்கும் குமட்டலுக்கு டோம்பெரிடோனும் தரலாம். அதற்கு முன் கிரியாட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் வலி மாத்திரை சாப்பிட்டவருக்கு அது அவசியம். இளைப்பு உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், நாப்ராக்சன், டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் மூச்சுத் திணறலைக் கிளப்பும். இதற்கு முன் அந்த வகை எதையாவது சாப்பிட்டு இளைப்பு கூடியிருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அப்படியானால் உங்களுக்கு நாப்ராக்சன் வேண்டாம்.

தேநீரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு கோப்பையில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் காஃபின் இருக்கும். தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு ஆறேழு கோப்பை சாதாரணம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரண்டு கோப்பையோடு நின்றால், அந்த இறக்கமே தலைவலியைக் கொண்டுவரும். தேநீரை விடச் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் மெல்லக் குறைத்து மூன்று கோப்பைக்கு வந்து, அதைத் தினமும் ஒரே நேரத்தில், மாலை நான்கு மணிக்குள் குடியுங்கள். விடுமுறை நாளிலும் அதே அளவு, அதே நேரம்.

நிறுத்துவதோடு, வலி வராமல் தடுக்கத் தினமும் சாப்பிடும் தடுப்பு மருந்தும் சேர்ந்தே தொடங்க வேண்டும். ஃப்ளுனாரிசின் உங்களுக்குக் கேட்கவில்லை என்ற முடிவை நான் ஏற்கவில்லை. எந்தத் தடுப்பு மருந்தும் முழு அளவை எட்டிய பிறகு 8 முதல் 12 வாரம் சாப்பிட்டால்தான் பலன் தெரியும். போதாததற்கு, தினமும் வலி மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது தடுப்பு மருந்தின் வேலை அடிபட்டுவிடும். மூன்று வாரம் ஒரு சோதனையே இல்லை.

எந்த மருந்து? புரொப்ரனலாலைத் தொடாமல் விட்டது சரியான முடிவு. இளைப்பு உள்ளவர்களுக்கு அது கூடவே கூடாது. தோட்டத்தில் இலை பறிப்பவர்களுக்கும் அதைத் தரும் முன் யோசிக்க வேண்டும். விரல்களுக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அது குறைக்கும், பனிக்காலத்தில் கை விறைத்துப்போகும். உங்களுக்குத் தூக்கமும் கெடுவதால் அமிட்ரிப்டிலின்தான் முதலில் என் நினைவுக்கு வருகிறது. விலை மிகக் குறைவு. 10 மில்லிகிராமில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 கூட்டி, 30 முதல் 50 வரை போகலாம். படுக்கும் நேரத்தில் இல்லாமல் இரவு எட்டு மணிக்கே சாப்பிட்டால் காலையில் மந்தம் குறையும். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், எடை கூடலாம். தொடங்குமுன் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள். கண் அழுத்த நோயோ இதயத் துடிப்புக் கோளாறோ இருந்தால் இந்த மருந்து பொருந்தாது.

அடுத்த தேர்வு டோபிரமேட். நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு நல்ல சான்று உள்ள மருந்து. 25 மில்லிகிராமில் தொடங்கி வாரம் 25 கூட்டி, காலை 50, இரவு 50 வரை. எடை குறையும், விரல் நுனி மரத்ததுபோல் ஊறும். சொல் சட்டென்று வாயில் வராது, எண்கள் தடுமாறும். கணக்கு எழுதும் உங்களுக்கு இது தொல்லையாகலாம் என்பதால்தான் இதை இரண்டாவதாக வைத்தேன். சிறுநீரகக் கல் வரக்கூடும், அதனால் குளிரிலும் தினம் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். திடீரென்று கண் வலித்துப் பார்வை மங்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கு டோபிரமேட், இன்னொரு தடுப்பு மருந்தான வால்ப்ரோயேட் இரண்டுமே குழந்தைக்கு ஊறு செய்யும். நீங்கள் குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டதால் டோபிரமேட் பற்றிப் பேச இடம் இருக்கிறது. இதைப் படிக்கும் இளம்பெண்கள் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

வாரம் இரண்டு நாள் என்பதுதான் இனி வலி மாத்திரைக்கு எல்லை. அந்த இரண்டு நாளும் வீணாகாதபடி சாப்பிட வேண்டும். பெரும்பாலோர் செய்யும் பிழை, ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, அதுவும் அரை அளவில் சாப்பிடுவது. ஒற்றைத் தலைவலி முற்றும்போது இரைப்பை வேலை மந்தமாகி, மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும். வலி லேசாக இருக்கும் முதல் ஒரு மணி நேரத்துக்குள், ஒத்துக்கொள்பவர்கள் நாப்ராக்சன் 500 மில்லிகிராமை ஏதாவது சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம். ஒத்துக்கொள்ளாதவர்கள் பாரசிட்டமால் 1000 எடுக்க வேண்டும், 500 போதாது. குமட்டல் இருந்தால் டோம்பெரிடோன் 10 மில்லிகிராம் கூடவே. அமிட்ரிப்டிலினும் டோம்பெரிடோனும் சேரும்போது இதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டியிருப்பதால்தான் அந்த இசிஜியை வலியுறுத்தினேன்.

இது கேட்காவிட்டால் டிரிப்டான்: சுமாட்ரிப்டான் 50 அல்லது ரிசாட்ரிப்டான் 10. இரண்டு மணி நேரத்தில் வலி குறைந்து பிறகு திரும்பினால் இன்னொரு மாத்திரை எடுக்கலாம். முதல் மாத்திரை கொஞ்சமும் கேட்காவிட்டால் அதே தாக்குதலுக்கு இரண்டாவது வேண்டாம். மூன்று தாக்குதலில் பார்த்த பிறகே ஒரு டிரிப்டான் உதவுமா என்று முடிவு செய்ய வேண்டும். நெஞ்சுவலி, பக்கவாதம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு டிரிப்டான் கூடாது. எர்கோட்டமின் மாத்திரையும் டிரிப்டானும் 24 மணி நேரத்துக்குள் சேரவே கூடாது. புரொப்ரனலால் சாப்பிடுபவர்களுக்கு ரிசாட்ரிப்டான் 5 மில்லிகிராம்தான்.

வீட்டில் தினசரி காலண்டர் இருக்குமே, அந்தத் தாள்களைக் கிழித்துப் போடாமல் கட்டி வையுங்கள். வலித்த நாளில் தொடங்கிய நேரம், பத்துக்கு எத்தனை வலி, என்ன மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்து எப்படி, மாதவிலக்கு நாளா என்று அதிலேயே எழுதுங்கள். மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பிலிருந்து மூன்றாம் நாள் வரைக்குள்ளேயே கடும் வலிகள் குவிகின்றன என்று தெரிந்தால், அந்த நாட்களுக்கு மட்டும் தனி வைத்தியம் இருக்கிறது. காலைச் சாப்பாட்டைத் தவறவிட்ட நாள், வெள்ளிக்கிழமை விரதம், மேட்டுப்பாளையம் இறங்கி ஏறிய நாள் இவையும் அதில் தெரிந்துவிடும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரட்டுவது மற்றவர்களைவிட அதிகம். வெறும் வயிற்றோடு பேருந்தில் ஏறாதீர்கள். முன்பக்கம் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள், போனைப் பார்க்க வேண்டாம். நீலகிரித் தைலத்தின் நெடியே சிலருக்கு வலியைக் கூட்டும். நெற்றியில் தடவி இதமாக இருந்தால் தடவுங்கள், குமட்டினால் விட்டுவிடுங்கள். ஒரு சொட்டும் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது.

பனிக்காலத்தில் மட்டும் வலி கூடுகிறதா என்றும் பாருங்கள். கதவு ஜன்னலை அடைத்துவிட்டுக் கரியடுப்பைப் படுக்கையறையில் வைத்துத் தூங்குபவர்களுக்கு, காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு, கார்பன் மோனாக்சைடால் தலைவலியும் குமட்டலும் வரும். அதற்கு வாசனை கிடையாது. காலையில் வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் தலை வலித்து, வெளியே வந்தால் தெளிந்தால், அது ஒற்றைத் தலைவலி அல்ல, உயிருக்கு ஆபத்து. கரியடுப்பைப் படுக்கும் அறையில் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்.

நிரந்தரத் தீர்வு கேட்டீர்கள். ஒற்றைத் தலைவலி வரும் இயல்பு பெரும்பாலும் பரம்பரையாக வருவது; அதை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஆனால் மூன்று மாதத்தில் வலி நாட்கள் பாதியாகக் குறைவது எதிர்பார்க்கக்கூடியதே. குறைந்தால் தடுப்பு மருந்தை 6 முதல் 12 மாதம் தொடர்ந்து, பிறகு மெல்லக் குறைப்போம். இரண்டு மூன்று மருந்துகளை முழு அளவில் முழுக் காலம் பார்த்தும் பலனில்லை என்றால், கோவையில் நரம்பியல் மருத்துவரிடம் போட்டாக்ஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். நெற்றி, பொட்டு, பிடரி, கழுத்து, தோள் என 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒருமுறை. இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகே பலனை எடைபோட முடியும். 2018 முதல் வந்திருக்கும், சிஜிஆர்பி என்ற வலிப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகளும் நன்றாக வேலை செய்கின்றன, விலைதான் அதிகம்.

இதற்கிடையில் இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி, காய்ச்சலோடு பிடரி விறைப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வலிப்பு இவற்றில் எது வந்தாலும் காலண்டரில் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இருமினால், குனிந்தால் மட்டும் வெடிக்கும் புதிய வலி, நாளுக்கு நாள் மங்கும் பார்வை என்றால் பழைய ஸ்கேன் நார்மல் என்று இருந்துவிடாமல் அதே வாரத்தில் மறுபடி காட்டுங்கள். இவை எதுவும் இல்லை என்றால், காலண்டர் தாள்களையும் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஆறாவது வாரத்தில் ஒருமுறை, மூன்றாவது மாத முடிவில் ஒருமுறை ஒரே மருத்துவரிடம் போங்கள். மருந்தின் அளவைக் கூட்டுவதா, மருந்தையே மாற்றுவதா என்பதை அந்தத் தாள்களை வைத்து அவர் முடிவு செய்வார்.