ஆஸ்டின் செவனுக்குப் புதுப் பாடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆஸ்டின் செவன் என்ற பழைய இங்கிலாந்துச் சின்னக் கார் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இங்கிலாந்தில் சின்னப் பட்டறைகள் அந்தப் பழைய கார்களின் பாடியைக் கழற்றிவிட்டு, அலுமினியத்தில் ஸ்போர்ட்ஸ் பாடி கட்டுவதைப் புகழ்ந்திருந்தீர்கள். பஸ் பாடி கட்டும் ஊர்க்காரன் நான், வேலையின் அருமை தெரியும். ஆனாலும், கோயில் தூணில் மணல்வீச்சு அடித்துப் பழமையை அழிப்பதுபோல எனக்குப் படுகிறது. அது சரியா?

கே., கரூர்

அன்புள்ள கே.,

உங்கள் கேள்வி இரண்டு நாளாக மனதிலேயே இருந்தது. பாதி ஒத்துக்கொள்கிறேன்.

ஆஸ்டின் செவன் 1922-இல் வந்தது, 1939 வரை தயாரானது. ‘ஏ’ எழுத்து வடிவில் ஒரு சேஸிஸ் (காரைத் தாங்கும் அடிச்சட்டம்), அதில் 747 சிசி எஞ்சின். பாடி தனி, போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அதனால் கார் புதிதாக விற்ற காலத்திலேயே வெளிப் பட்டறைகள் அதற்குப் பாடி கட்டின. பிளாக்பூலில் சைடுகார் செய்துகொண்டிருந்த வில்லியம் லயன்ஸ் 1927-இல் கட்டிய ‘ஸ்வாலோ’ அப்படிப்பட்டதுதான். அந்தக் கம்பெனிதான் பிற்பாடு ஜாகுவார் ஆனது. லோட்டஸ் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியைத் தொடங்கிய காலின் சாப்மனின் முதல் லோட்டஸும் ஒரு பழைய செவன் மேல் கட்டியதே, 1948-இல், லண்டனில் ஒரு வீட்டுக் கொட்டகையில். உடை மாற்றிக்கொண்டே வளர்ந்த கார் இது.

அந்த வேலையைப் பார்த்தால் உங்களுக்கே ஆசை வரும். முதலில் ஆஷ் மரத்தில் சட்டம். செவன் சேஸிஸ் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். மரம் அதோடு வளைந்து கொடுக்கும், விறைப்பான சட்டம் என்றால் தகடு கிழியும். அப்புறம் அலுமினியத் தகட்டில் சோப்பைத் தேய்த்து, பின்பக்கம் தீ காட்டுவார்கள். சோப்பு கறுத்தால் தகடு இளகிவிட்டது என்று அர்த்தம், உடனே தீயை எடுக்க வேண்டும். கொஞ்சம் விட்டால் தகடே உருகி ஓட்டையாகிவிடும். இளகிய தகட்டை மணல் மூட்டைமேல் வைத்து மரச்சுத்தியால் தட்டிக் குழிக்கிறார்கள். பிறகு இரண்டு உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓட்டி, வளைவை வழுவழுப்பாக்குகிறார்கள். கை தடவிப் பார்த்துத்தான் மேடு எங்கே என்று கண்டுபிடிக்கிறது.

சரி, ஒத்துக்கொள்ளும் பாதி. 1950-களில் பழைய செவன்கள் சல்லிசாகக் கிடைத்தன. ஸ்போர்ட்ஸ் கார் ஆசையில் நல்ல சலூன்களையும், அதாவது கூரை மூடிய கார்களையும், பிரித்துப் போட்டார்கள். இன்றைக்கு ஒருவர் முழுசாகப் பிழைத்த சலூனை அப்படிப் பிரித்தால், நீங்கள் சொன்ன மணல்வீச்சுதான் அது. எனக்கும் வயிறு எரியும். பாடி இற்றுப்போய் வெறும் சேஸிஸாகக் கிடப்பதில் கட்டட்டும். நகலை நகல் என்றே சொல்லி விற்கட்டும். ஆஸ்டினே செய்த ‘அல்ஸ்டர்’ ஸ்போர்ட்ஸ் மாடலைப் பார்த்துக் கட்டிவிட்டு அசல் என்று விற்பது ஏமாற்று.

உங்கள் ஊரில் மரச்சட்டம் போட்டு பஸ் பாடி கட்டிய மூத்த ஆசாரிகள் யாராவது இருந்தால், அவர்கள் எந்த மரம் எடுத்தார்கள், மர இணைப்புகளை எப்படிப் பூட்டினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.